கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வராதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, சார். முந்தின நாளே போன் செய்து சொல்வேன். "சரிங்க, சரிங்க" என்பார்கள். மறுநாள் பார்த்தால் தலை வழுவழுவென்று இருக்கும். எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது; ஒட்டாவிட்டால் கோடு வராது; கோடு வராவிட்டால் டாக்டரம்மா என்னைத்தான் கேட்பார். அதனால் நானே உட்காரவைத்து ஷாம்பு போட்டுக் கழுவிவிடுவேன். ஒன்பது வருடமாக ஊரார் தலையைக் கழுவியவன் நான். ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. நான் எவ்வளவு பொறுமைசாலி என்று நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நேற்று என் வாக்குமூலத்தை எழுதிய உங்கள் ஏட்டு 'ஆத்திரத்தில் செய்தது' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிடச் சொன்னேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி மட்டு இல்லை. கோபம் உண்டு. அது வேறு. கோபத்தை மூன்று வாரம் வைத்திருக்கத் தெரிந்தவனை ஆத்திரக்காரன் என்று எழுதுவது தவறு.

எங்கள் ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடியில், தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். வெளி அறையில் என் மேசையும் மானிட்டர்களும். உள்ளே பத்தடிக்கு எட்டடியில் சத்தம் புகாத அறை. சுவர் முழுக்கப் பஞ்சு, ஒரு சாண் தடிமனில் கதவு, நடுவில் கம்பி வலை வைத்த இரட்டைக் கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அதாவது என் பக்கம், ஒரு திரைச்சீலை. உள்ளே எதிரெதிராக இரண்டு நாற்காலி, தரையோடு திருகி வைத்தவை.

இரண்டு பேரை அதில் உட்காரவைத்து, தலையில் மின்முனைத் தொப்பி மாட்டிப் பேசவிடுவோம். மூளையில் ஓடும் மின்சாரம் ஆளுக்கொரு கோடாக மானிட்டரில் வரும். முதலில் இரண்டு கோடும் தன் தன் போக்கில் போகும். பேச்சு பிடித்துக்கொண்டால், ஒருவர் சொல்ல வருவதை மற்றவர் பாதியிலேயே புரிந்துகொண்டால், இரண்டும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்க ஆரம்பிக்கும். டாக்டரம்மா இதை ஒத்திசைவு என்பார். நூற்றுக்கு இத்தனை என்று கணினி ஒரு எண் கொடுக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்களுக்குப் பத்து வரும். நல்ல சிநேகிதர்களுக்கு முப்பது. நாற்பதைத் தாண்டினால் டாக்டரம்மா தன் அறையிலிருந்து எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்.

நானூறு ஜோடிக்கு மேல் பார்த்திருக்கிறேன். கையைக் கோத்துக்கொண்டு வந்த புதுத் தம்பதிக்கு எட்டு வந்ததைப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் கரித்துக்கொட்டிய இரண்டு வாத்தியார்களுக்கு நாற்பத்திரண்டு வந்ததையும் பார்த்தேன். வாய் பொய் சொல்லும். முகம் அதைவிடப் பெரிய பொய் சொல்லும். கோடு சொல்லாது. அப்படித்தான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

அந்த அறைக்குச் சில விதிகள் உண்டு. என் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. உள்ளே போகிறவர்கள் செல்போனை வெளியே தட்டில் வைத்துவிட வேண்டும். பதிவு ஓடும்போது வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் இரைச்சல் கோட்டில் ஏறிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பதிவை நிறுத்தி ஐந்து நிமிடம் விசிறியைப் போட வேண்டும். கதவின் உள்கைப்பிடி உடைந்து ஏழு மாதமாகிறது. பராமரிப்புப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினேன், அவர்கள் தப்பான திருகாணியோடு வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஆகவே உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே ஒருவர் இருந்தே தீர வேண்டும். கடைசி விதி டாக்டரம்மா சேர்த்தது: பதிவு முடியும்வரை திரைச்சீலை மூடியிருக்க வேண்டும், யாரும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கக் கூடாது. பதிவேட்டில் 'திரைச்சீலை' என்று ஒரு கட்டமே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதில் 'மூடியது' என்று நான் எழுதுவேன்.

இப்போது வீட்டைப் பற்றி. நான், என் மனைவி, பன்னிரண்டு வயதில் ஒரு மகள், என் தம்பி. மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். லென்ஸை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வேலை மாறி வந்தபோது ஒரு மாதம் தங்கிக்கொள்கிறேன் என்றான். இரண்டு வருடம் பின்னறையில் இருந்தான். நான் போ என்று சொன்னதில்லை. கூடப்பிறந்தவனைப் போ என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

டாக்டரம்மாவுக்கு ஒரு புது ஆராய்ச்சி வந்தது. ஒரே கூரைக்குக் கீழ் வாழ்கிறவர்களின் ஒத்திசைவு. வெளி ஆட்களைக் கூப்பிடும் முன் எங்கள் வீட்டு ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். "உங்க வீட்ல பெரியவங்க மூணு பேர் இருக்கீங்கல்ல? மூணு ஜோடி ஆச்சே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

முதலில் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். அன்று மட்டும் டாக்டரம்மாவே கணினியைப் பார்த்துக்கொண்டார். நேற்று வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைப் பேசுங்கள் என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். நான் பேசினேன். குழாய் ஒழுகுவதைப் பற்றி, அதை இத்தனை நாள் யாரும் என்னிடம் சொல்லாததைப் பற்றி, சொல்லாமல் மறைப்பது எந்த ஊர் நியாயம் என்பதைப் பற்றி. அவள் இருபது நிமிடமும் "ம்", "சரிங்க" என்றாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல. வெளியே வந்து எண்ணைப் பார்த்தேன். பதினொன்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனைவிட ஒன்று அதிகம். கல்யாணமாகிப் பதினான்கு வருடம், சார்.

"முதல் தடவை சில பேருக்கு வராது" என்று டாக்டரம்மா ஆறுதல் சொன்னார். அவர் ஆறுதல் யாருக்கு வேண்டும்? என் மேசையில், என் மானிட்டரில், நான் கழுவி வைத்த தொப்பியில் எனக்கே பதினொன்று. எனக்கு அன்று வந்த கோபத்தை நான் வெளியில் காட்டவில்லை. தொப்பிகளைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் எனக்கும் தம்பிக்கும் பதினான்கு வந்தது. அதற்கும் அடுத்த வாரம் அவளும் அவனும் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். நான்தான் பதிவு எடுத்தேன்.

ஒலிவாங்கியில் அவர்கள் பேச்சு கேட்டது. மகளின் சைக்கிள் சங்கிலி கழன்றது, குழாய்க்கு என்ன வாஷர் போட வேண்டும், கடையில் ஒரு கிழவர் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே அதைத் தேடியது. உப்புச் சப்பில்லாத பேச்சு. ஆனால் கோடு அப்படி இல்லை. பிரிந்து போகும், திடீரென்று இரண்டும் ஒன்றாக எழும்பும், சிறிது நேரம் ஒட்டிக்கொண்டே ஓடும், பிறகு பிரியும். நான் இரண்டொரு முறை திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது? உள்ளே இருப்பது என் மனைவி. இருவரும் நல்லபிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். கை கால் எல்லாம் அதனதன் இடத்தில். இருபது நிமிடம் முடிந்ததும் எண் வந்தது. நாற்பத்தாறு.

அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்வார்கள். நான் தீர விசாரித்தேன். மூன்று வாரம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கே வீட்டை இரண்டாக்கியிருப்பான்.

என்ன பார்த்தேன் என்றால், நான் வரும்போது வீடு அமைதியாகும். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே டிவியின் ஒலி குறையும். நான் செருப்பைக் கழற்றும்போது இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள், அவள் சமையலறை வாசலில், அவன் பின்னறை வாசலில். நான் தண்ணீர் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். முன்பெல்லாம் இதை மரியாதை என்று நினைத்திருந்தேன். எவ்வளவு வெகுளி பாருங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். அண்ணியும் கொழுந்தனும் ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருக்கிறார்கள், நிமிர்ந்து ஒரு பார்வை இல்லை. ஒன்றும் இல்லாதவர்கள் இவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பார்களா?

ஒரே ஒரு முறை கேட்டேன். சாப்பிடும்போதுதான்.

"உங்க ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போகுதாமே. மிஷினே சொல்லுது."

இருவர் கையும் ஒரே நேரத்தில் தட்டில் நின்றது. அதுவும் ஒரே நேரத்தில்.

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் அவள்.

தம்பி தட்டை ஓரமாக நகர்த்தினான். பிறகு, "அண்ணே, நான் வேற ரூம் பாத்துக்கறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள போயிடறேன்" என்றான்.

பாருங்கள். நான் போகச் சொல்லவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று அவனே வந்து சொல்கிறான். மகள் கை கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அந்த வாரம் மனைவியின் மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட வேண்டியதாயிற்று. கதவு இடித்தது. ஆஸ்பத்திரியில் அவளும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், நீங்கள் வேண்டுமானால் சீட்டைப் பார்க்கலாம். அவளை அங்கே கூட்டிப்போனவன் தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியத்தோடு எங்கள் மாடியை நான்கு நாள் மூடினார்கள். தாழ்வாரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதற்காக அங்கிருந்த சாமான்களை எல்லாம் அப்புறப்படுத்தினார்கள். பெயிண்ட் அடிக்கிறவர்கள் திங்கட்கிழமைதான் வருவதாக ஏற்பாடு. டாக்டரம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. இரண்டாவது பதிவு எடுத்தால்தான் முதல் பதிவும் செல்லும் என்று வீட்டில் சொன்னேன். அது பொய் இல்லை, எல்லா ஜோடிக்கும் இரண்டு முறை எடுப்போம். அவள் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். அவன் கிரீஸ் கறை படிந்த வேலைச் சட்டையோடு நேராக வந்தான்.

போன்களைத் தட்டில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். முதலில் அவனுக்குத் தொப்பி மாட்டினேன். பிறகு அவளுக்கு. அறுபத்து நான்கு முனைக்கும் முடியை விலக்கி, முனை மழுங்கிய ஊசியால் ஜெல் விட வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அவள் தலையில் நரை எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எண்ணெய் இல்லாமல் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்பது வருடத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டு வந்த ஒரே தலை அதுதான்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆடாம உட்காரு" என்றேன்.

கதவைச் சாத்தினேன். திரைச்சீலையை மூடினேன். விதிப்படி விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவைத் தொடங்கினேன். இருபதாவது நிமிடம் பையை எடுத்துக்கொண்டு வெளி அறையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

நீங்கள் என்ன செய்தாய், என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். நான் எதுவும் செய்யவில்லை, சார். செய்ய வேண்டிய இரண்டைச் செய்யாமல் விட்டேன். விசிறியைப் போடவில்லை, கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். அடிக்கவில்லை. கத்தவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று என் வாயிலிருந்து வரவில்லை. பதிவை நிறுத்தாமல் வந்ததைக் கேட்கிறீர்கள். அதில்தானே மாட்டினாய் என்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் கோடு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கடைசிவரை ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க நினைத்தேன். தொடங்கிய பதிவை அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமும் இல்லை.

சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். "சித்தப்பாவோட ஒரு வேலையா போயிருக்கா" என்றேன். என் மகள் என்னிடம் எதையும் இரண்டாவது முறை கேட்கமாட்டாள். நல்ல வளர்ப்பு. தோசை கேட்காமல், இருந்த ரொட்டியைத் தானே எடுத்துத் தின்றுவிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தாள். வெள்ளிக்கிழமை காலை அவளைப் பள்ளியில் விட்டேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை கணினியில் இடம் நிரம்பிவிட்டது. நிரம்பினால் டாக்டரம்மாவின் போனுக்குத் தகவல் போகும். எனக்கு நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார், நான் எடுக்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து புறப்பட்டு வந்து மாலையில் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் அவரே கதவைத் திறந்தார். இருவரும் கதவின் ஓரத்தில் கீழ் இடுக்கில் முகத்தை வைத்துக் கிடந்ததாகச் சொன்னீர்கள். அந்தக் கதவில் இடுக்கு கிடையாது. இரட்டை ரப்பர்.

நேற்று ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். கேமராவும் ஒலியும் நான்கு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும், கோடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் நான்கு மணி நேரம்தான் இருந்தது. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. தம்பியின் குரல் நன்றாகக் கேட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்வதையே சொன்னான்.

"அண்ணி, கத்தாதீங்க, மூச்சு வீணாப் போகும். கீழ உட்காருங்க. நான் அரை மணிக்கு ஒரு தடவை தட்றேன். தொப்பியைக் கழட்டாதீங்க. கோடு ஓடிக்கிட்டிருந்தா அண்ணன் பாத்துருவாரு. ஏதோ கோளாறு. இப்ப வந்துருவாரு."

மூன்றாவது தட்டலுக்குப் பிறகு அவள் பேசினாள். "அவருக்குத் தெரியும் தம்பி."

அதற்குப் பிறகு தட்டுகிற சத்தம்தான். அரை மணிக்கு ஒரு முறை, சொன்னபடி. வேலையில் அவன் ஒழுங்கானவன், அதை நான் மறுக்கவில்லை.

நான் எதைக் கவனித்தேன் என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அண்ணி தம்பி என்பதை விட்டு வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று. தனியாக இருக்கிறார்கள், யாரும் வரப்போவதில்லை, இனி யாருக்கு ஒளிக்க வேண்டும்? நான்கு மணி நேரமும் கேட்டேன். ஒரு வார்த்தை இல்லை. அந்த நேரத்திலும் எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்.

பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். அவர் முதல் பதிவின் தாளை இந்த மேசையில் விரித்தார். நாற்பத்தாறு வந்த பதிவு. கோடுகள் ஒன்றாக எழும்பிய இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். பதினொரு வட்டம். பக்கத்தில் உள்கேமராவின் நேரத்தை எழுதியிருந்தார். உள்கேமராவில் கண்ணாடி தெரியும். கண்ணாடியில் திரைச்சீலை விலகுவது தெரியும்.

"பதினோரு தடவை நீங்க திரையை விலக்கியிருக்கீங்க. பதினோரு தடவைதான் கோடு சேந்திருக்கு" என்றார். அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "ரெண்டு பேர் ஒரே பாம்பைப் பாத்தாலும் ரெண்டு மூளையும் ஒரே மாதிரிதான் துடிக்கும். அவங்களுக்குள்ள எதுவும் இருக்கணும்னு அவசியமில்ல. அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கல. ரெண்டு பேரும் உங்களைப் பாத்தாங்க. இதுக்குத்தான் திரையை மூடுங்கன்னு அத்தனை தடவை சொன்னேன்." அந்தப் பதினோரு இடத்தையும் எடுத்துவிட்டால் அவர்களுக்கு வந்த எண் ஒன்பது என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைவிட ஒன்று கம்மி.

பதிவேட்டில் 'மூடியது' என்று எழுதியிருக்கிறாயே என்று நீங்கள் கேட்டீர்கள். எழுதினேன். எப்போதும் அப்படித்தான் எழுதுவேன்.

பாம்பாம். ஒன்பது வருடம் அவருக்கு ஏவலாளாக இருந்தவனை, நானூறு ஜோடித் தலையைக் கழுவியவனை, ஒரே வார்த்தையில் பாம்பாக்கிவிட்டார். நான் யாரையாவது கடித்தேனா? என் வீட்டில் என்னைப் பார்த்து யாருக்கும் பயம் கிடையாது. என் மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அவள் சொல்வாள்.

அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு வாயைத் திறந்திருக்கமாட்டேன். டாக்டரம்மா இரண்டாவது தாளையும் விரித்தார். வியாழன் மதியம் தொடங்கிய பதிவு. நீளமான தாள், மேசையிலிருந்து தரை வரை தொங்கியது. கோடுகள் சேரவே இல்லை என்றார். பல மணி நேரத்துக்கு நான்கு, ஐந்து என்று காட்டினார். சாகிற பயத்தில் ஒவ்வொருவரும் தன்னந்தனியாகத்தான் இருந்தார்கள் என்றார். பிறகு ஒரு இடத்தைத் தொட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஏறி, ஒரு நிமிடம் ஓடி, பிரிகிறது. எழுபத்தொன்று. இருபது மணி நேரத்தில் ஜெல் காய்ந்து முனைகள் செத்திருக்கும், இது வெறும் கோளாறு, கணக்கில் எடுக்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டினார்.

கோளாறாம்.

எனக்குக் கோபம் வந்தது, சார். இதை நீங்கள் கோபம் என்றே எழுதிக்கொள்ளலாம். என் கையால் வைத்த முனையில், நான் எடுத்த பதிவில், ஒன்பது வருடத்தில் கோளாறு என்ற பேச்சே வந்ததில்லை. பாதி முனைகள் காய்ந்திருக்கலாம். மிச்சம் பாதி போதும். அந்தக் கூடத்தில் இதுவரை யாருக்கும் வராத எண் அது. அதைக் குப்பை என்று ஒதுக்கினால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அது கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன் என்று சொன்னேன் அல்லவா, அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். தாழ்வாரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வெளி அறையைத் திறந்தேன். தட்டில் இருந்த அவள் போன் ஒளிர்ந்து அணைந்தது. மகள் பத்தொன்பது முறை கூப்பிட்டிருந்தாள். மானிட்டரில் கோடுகள் ஆளுக்கொரு பக்கமாக, சோம்பலாகப் போய்க்கொண்டிருந்தன. உயிரோடு இருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்தது. கதவு என் இடது கைப் பக்கம், விசிறியின் சுவிட்ச் வலது கைப் பக்கம். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்தேன். நான்கு. என்னால் நம்ப முடியவில்லை. எழுந்துபோய்த் திரைச்சீலையை முழுதாக விலக்கினேன்.

அவள் சுவரில் சாய்ந்து தரையில் இருந்தாள். அவன் கதவருகே இருந்தான், கையில் கழற்றிய செருப்பு, தட்டுவதற்கு. என்னைப் பார்த்தார்கள். நிற்கத் தெம்பில்லாதவர்கள், ஆனாலும் இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள், நான் செருப்பைக் கழற்றும்போது வீட்டில் எழுந்து நிற்பார்களே, அதே மாதிரி. மானிட்டரைத் திரும்பிப் பார்த்தேன். கோடு ஒன்றாகிவிட்டது. எழுபத்தொன்று. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு மேசைக்கு வந்து, நேரத்தையும் எண்ணையும் பதிவேட்டில், நீங்கள் இன்னும் புரட்டாத பக்கத்தில், ஏற்றினேன். அந்தக் கட்டத்தில் 'மூடியது' என்று எழுதினேன். அது பொய் இல்லை, சார். நான் எழுதும்போது அது மூடித்தான் இருந்தது.